இரண்டாவது சரிவு

இங்கிலாந்தின் சண்டர்லாந்து கால்பந்து கிளப்பின் 2013 முதல் 2016 வரையிலான வரலாற்றை யாராவது கதையாக எழுதியிருந்தால், ‘என்னப்பா, ஒரே காட்சியைத் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறாய்’ என்று கேட்டிருப்போம். 2013 மார்ச் கடைசியில் மேனேஜர் மார்ட்டின் ஓ'நீலை அனுப்பிவிட்டு பாவ்லோ டி கானியோவைக் கொண்டுவந்தார்கள். சீசனில் ஏழு ஆட்டங்கள்தான் மிச்சம். டி கானியோவின் முதல் ஆட்டத்தில் செல்சியிடம் தோல்வி. இரண்டாவது ஆட்டம் ஜென்மப் பகையாளியான நியூகாசிலின் மைதானத்தில். 3-0 என்று ஜெயித்தார்கள். மேனேஜர் கோட்டும் சூட்டுமாக எல்லைக்கோட்டு ஓரமாக முழங்காலில் சறுக்கிக்கொண்டு போனார். இருபது அணிகளில் கடைசி மூன்று கீழ் டிவிஷனுக்கு இறங்கும் பிரீமியர் லீகில், கிளப் 17-வது இடத்தில் முடித்துத் தப்பியது.

அடுத்த சீசனில் ஐந்து ஆட்டங்களில் ஒரே ஒரு புள்ளி. டி கானியோவைத் தூக்கிவிட்டு கஸ் போயேவை அழைத்தார்கள். முதல் ஆட்டத்தில் ஸ்வான்சீயிடம் 4-0 என்று அடி. இரண்டாவது ஆட்டம் நியூகாசிலுடன், 2-1 வெற்றி. 2015 மார்ச்சில் போயேவும் போனார், டச்சுக்காரர் டிக் அட்வோகாட் வந்தார். முதல் ஆட்டத்தில் வெஸ்ட் ஹாமிடம் தோல்வி, இரண்டாவதில் நியூகாசிலைத் தோற்கடித்தார். அதே ஆண்டு அக்டோபரில் அட்வோகாட் விலக, சாம் அலர்டைஸ் வந்தார். முதல் ஆட்டத்தில் வெஸ்ட் பிராமிடம் தோல்வி, இரண்டாவதில் நியூகாசிலை 3-0 என்று தோற்கடித்தார். நான்கு மேனேஜர்கள், நால்வருக்கும் முதல் ஆட்டம் தோல்வி, முதல் வெற்றி நியூகாசிலிடம். இதைப் படித்துவிட்டு அட்டவணையை எடுத்துச் சரிபார்க்காமல் இருக்க முடியாது. நானும் சரிபார்த்தேன்.

ஒவ்வொரு முறையும் புது மேனேஜர் காப்பாற்றினார் என்பதுதான் இதில் விசேஷம். 2014 ஏப்ரலில் பட்டியலின் அடியில் கிடந்த அணி, சாம்பியன் ஆகப்போகிற மான்செஸ்டர் சிட்டியின் மைதானத்தில் 2-2 டிரா செய்தது. மூன்று நாள் கழித்து செல்சியின் மைதானத்தில் 2-1 என்று ஜெயித்தது. ஜோஸே மொரின்யோ செல்சி மேனேஜராக அந்த மைதானத்தில் அதுவரை 77 லீக் ஆட்டங்களில் தோற்றதே கிடையாது. அதை உடைத்தது கடைசி இடத்தில் இருந்த அணி. பிறகு மான்செஸ்டர் யுனைடெட்டின் மைதானத்திலும் ஒரு வெற்றி. அட்வோகாட் 2015-இல் ஆர்சனலிடம் ஒரு 0-0 வாங்கி அணி தப்பியது உறுதியானதும் கண்கலங்கினார். அலர்டைஸ் 2016 மே மாதம் எவர்டனை 3-0 என்று தோற்கடித்துத் தப்பினார். அந்த வெற்றி நியூகாசிலைக் கீழ் டிவிஷனுக்கு அனுப்பியது, ரசிகர்களுக்கு இரட்டைத் தீபாவளி.

சரி, இத்தனை அதிசயம் நடந்த கிளப் எங்கே போய் நின்றிருக்க வேண்டும்? 2016 கோடையில் அலர்டைஸ் இங்கிலாந்து தேசிய அணிக்குப் போய்விட்டார். டேவிட் மோய்ஸ் வந்தார். 2017-இல் சண்டர்லாந்து கடைசி இடத்தில் முடித்து பிரீமியர் லீகை விட்டு இறங்கியது. 2018-இல் இன்னும் ஒரு படி இறங்கி மூன்றாவது டிவிஷனுக்குப் போனது. அங்கேயே நான்கு சீசன்.

புது மேனேஜர் வந்து கிளப்பின் தலையெழுத்தை மாற்றினார் என்று செய்தி வரும்போதெல்லாம் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்த நான்கு வசந்தங்கள்தான். ஆட்டம் மாறியது, புள்ளி வந்தது, ரசிகர்கள் அழுதார்கள். கிளப் மட்டும் மாறவில்லை.

இந்த முதல் எழுச்சியைப் பற்றிப் பொருளியல்காரர்கள் கொஞ்சம் ஈவிரக்கமில்லாமல் ஆராய்ந்திருக்கிறார்கள். நெதர்லாந்தின் பாஸ் டெர் வீல், டச்சு லீகின் பல ஆண்டு ஆட்டங்களை எடுத்துக்கொண்டு ஒரு எளிய கேள்வி கேட்டார். வரிசையாகத் தோற்று மேனேஜரை நீக்கிய கிளப்புகள் ஒரு பக்கம். அதே மாதிரி வரிசையாகத் தோற்றும் மேனேஜரை நீக்காமல் வைத்துக்கொண்ட கிளப்புகள் இன்னொரு பக்கம். இரண்டும் அதற்குப் பிறகு எப்படி ஆடின? ஏறக்குறைய ஒரே மாதிரிதான் மீண்டன. ஆள் மாறியதால் தனியாகக் கிடைத்த லாபம் என்று பெரிதாக எதுவும் தென்படவில்லை.

யோசித்துப் பார்த்தால் இதில் ஆச்சரியம் குறைவு. ஒரு மேனேஜரை எப்போது நீக்குகிறார்கள்? எல்லாம் ஒரே நேரத்தில் கெட்டுப்போயிருக்கும்போது. கோல்கம்பத்தில் பட்டுத் திரும்பிய பந்துகள், காயத்தில் இருக்கும் ஸ்ட்ரைக்கர், வரிசையாகப் பெரிய அணிகளோடு வந்த ஆட்டங்கள், கோல்கீப்பரின் ஒரு கெட்ட மாதம். இதெல்லாம் ஒன்றாகச் சேர்ந்தால்தான் நாற்காலி ஆடும். அப்படிச் சேர்ந்தவை தானாகவே பிரியவும் செய்யும். காய்ச்சல் இறங்கப்போகிற நேரத்தில் மருந்து கொடுத்தவருக்குக் கைராசிக்காரர் என்று பெயர் கிடைக்கிற மாதிரிதான். போனவருக்குப் பழி, வந்தவருக்குப் புகழ்.

இதற்காக மேனேஜரால் ஒன்றுமே ஆகாது என்று சொல்லிவிட முடியாது. செல்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். 2021 ஜனவரியில் பிராங்க் லாம்பார்டை நீக்கியபோது அணி ஒன்பதாவது இடத்தில் இருந்தது. தாமஸ் டுகல் வந்தார். முதல் ஆட்டம் வோல்வ்ஸுடன் சப்பென்ற 0-0. ஆனால் அதிலேயே பின்வரிசையில் மூன்று பேர் என்ற ஏற்பாடு வந்துவிட்டது. அதையும் சேர்த்து முதல் 14 ஆட்டங்களில் தோல்வியே இல்லை. மே மாதக் கடைசியில் போர்ட்டோவில் மான்செஸ்டர் சிட்டியை 1-0 என்று தோற்கடித்து, ஐரோப்பாவின் மிகப் பெரிய கிளப் போட்டியான சாம்பியன்ஸ் லீக் கோப்பையைத் தூக்கினார்கள். இதே கிளப் 2012-இலும் பாதி சீசனில் ஆளை மாற்றி, ராபர்ட்டோ டி மட்டேயோவை வைத்து அதே கோப்பையை வென்றது. டி மட்டேயோவை ஆறு மாதத்தில் வீட்டுக்கு அனுப்பியது வேறு கதை. செல்சியில் கையில் இருந்த சரக்கு முதல் தரமானது. அடுக்கி வைக்கத்தான் ஆள் தேவைப்பட்டது. அப்படிப்பட்ட கிளப்புகள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருக்கின்றன. மற்றவர்களுக்கு இந்த வழி செல்லாது.

எனவே புது மேனேஜர் வந்தால் முதல் ஆறு வாரத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. எனக்கு வேண்டியது அதற்குப் பிறகு வரும் முதல் சறுக்கல். பழைய மேனேஜரின் வேலையைப் பறித்தது முதல் சரிவு. புதியவர் வந்து கொஞ்சம் தூக்கி நிறுத்திய பிறகு இரண்டாவது சரிவு ஒன்று கட்டாயம் வரும். அப்போது அவர் தன் முறையைக் கைவிடுகிறாரா, நிர்வாகம் என்ன செய்கிறது, வீரர்கள் யார் முகத்தைப் பார்க்கிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

ஆஸ்டன் வில்லாவை விட இதற்கு நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை. 2022 அக்டோபரில் ஃபுல்ஹாமிடம் 3-0 என்று தோற்ற அன்றே ஸ்டீவன் ஜெரார்டை நீக்கினார்கள். அணி 17-வது இடத்தில் இருந்தது. ஸ்பெயினின் வியாரியாலில் இருந்த உனாய் எமரியை ஒப்பந்தத்தை உடைத்துப் பணம் கட்டிக் கூட்டிவந்தார்கள். ஆர்சனலில் அவர் 2019 நவம்பரில் நீக்கப்பட்டவர். அங்கே அவருடைய ஆங்கிலத்தைக் கிண்டலடித்தே ஒரு தலைமுறை மீம்ஸ் வளர்ந்தது. ஐரோப்பாவின் இரண்டாம் நிலைக் கிளப் போட்டியான ஐரோப்பா லீக் கோப்பையை அதற்குள் மூன்று முறை வென்றிருந்தவரை, உச்சரிப்புக்காகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

வில்லாவில் அவருடைய முதல் ஆட்டம் 2022 நவம்பர் 6, மான்செஸ்டர் யுனைடெட்டுடன். 3-1 வெற்றி. தன் சொந்த மைதானத்தில் யுனைடெட்டை லீகில் வில்லா கடைசியாகத் தோற்கடித்தது 1995-இல். பேப்பர்களுக்கு அன்றே தலைப்பு கிடைத்துவிட்டது. அதன்பின் நடந்ததைக் கவனியுங்கள். ஜனவரியில் எஃப்.ஏ. கோப்பையில், நான்காவது டிவிஷன் அணியான ஸ்டீவனேஜிடம், ஆட்டம் முடிய இரண்டு மூன்று நிமிடம் இருக்கும்போது இரண்டு கோல் வாங்கி சொந்த மைதானத்தில் தோற்றார்கள். பிப்ரவரியில் லெஸ்டரிடம் 4-2, மான்செஸ்டர் சிட்டியிடம் 3-1, ஆர்சனலிடம் 4-2. மூன்று ஆட்டம், 11 கோல். இதுதான் நான் சொன்ன இரண்டாவது சரிவு.

அந்த 11 கோல்களில் பலவற்றுக்கு ஒரே வேர். எமரி தன் பின்வரிசையைக் கோல்கம்பத்திலிருந்து வெகுதூரம் முன்னே நிறுத்துவார், நடுக்கோட்டுக்கே நெருக்கமாக. பின்னால் ஒரு பெரிய வெற்றிடம் கிடக்கும். எதிரணி ஸ்ட்ரைக்கர் அந்த இடத்துக்கு ஓட ஆரம்பிக்கும் நொடியில் நான்கு பேரும் ஒன்றாக ஒரு எட்டு முன்னே வைத்துவிட்டால், அவர் வரிசைக்குப் பின்னால் மாட்டி ஆஃப்சைடு ஆவார், அவருக்குப் பந்து வந்தாலும் செல்லாது. ஒருவர் மட்டும் அரை எட்டு தாமதித்தால் கோல்கீப்பர் தனியாக மாட்டிக்கொள்வார். நான்கு பேருடைய கால்கள் ஒரே தாளத்தில் நகர மாதக்கணக்காகும். அதுவரை இந்த முறை பார்க்கவே பயமாக இருக்கும், கோல்களும் விழும்.

பிப்ரவரியில் சராசரி மேனேஜர் என்ன செய்வார்? வரிசையைப் பத்து மீட்டர் பின்னே இழுப்பார், கோட்டைக் கதவைச் சாத்துவார், ஒரு 0-0 வாங்கி மூச்சு விடுவார். எமரி வரிசையைத் தொடவில்லை. அதற்குப் பதில் வீடியோ. அவருடைய வீடியோ வகுப்புகள் ரொம்ப நீளமானவை என்று அவரிடம் ஆடியவர்கள் எல்லோருமே சொல்வார்கள், பாதிப் பேர் புகாராக. ஆர்சனலில் அலுப்பு தட்டியது அதே வகுப்புதான். அடுத்த பத்து லீக் ஆட்டங்களில் வில்லா தோற்கவில்லை. எட்டு வெற்றி, இரண்டு டிரா. ஏழாவது இடத்தில் முடித்து ஐரோப்பியப் போட்டிக்குள் நுழைந்தார்கள்.

நான் வில்லா ஆட்டம் பார்க்கும்போது பந்தை விட்டுவிட்டு இந்த வரிசையைத்தான் பார்ப்பேன். கேமரா கொஞ்சம் பின்வாங்கும்போது நான்கு பேரும் ஒரு கயிற்றில் கட்டியது போல முன்னே போவதும் பின்னே வருவதும் தெரியும். இன்னொரு அழகு கோல்கீப்பர் எமிலியானோ மார்ட்டினெஸிடம். பந்தின் மேல் காலை வைத்துக்கொண்டு அப்படியே நிற்பார். ஐந்து நொடி, பத்து நொடி. மைதானமே பொறுமை இழக்கும். எதிரணி ஆள் தாங்க முடியாமல் ஓடி வந்ததும், அவர் விட்டுவந்த இடத்துக்குப் பந்து போகும்.

ஓலி வாட்கின்ஸ் விஷயமும் இப்படித்தான். வேகமான ஸ்ட்ரைக்கர், கடுமையாக உழைப்பவர். பந்து எங்கே போனாலும் இரண்டு ஓரத்துக்கும் ஓடி ஓடி வாங்குவார். ரசிகர்களுக்கு அந்த உழைப்பு பிடிக்கும். எமரி அவரிடம் கேட்டுக்கொண்டது, ஓரத்துக்கு ஓடாதே, பெனால்டி பாக்ஸின் அகலத்துக்குள்ளேயே இரு என்பதுதான். குறைவாக ஓடச் சொல்லித் திருத்திய மேனேஜர்! முந்தைய சீசனில் 11 லீக் கோல் அடித்தவர் அந்த சீசனில் 15 அடித்தார், அடுத்த சீசனில் 19 கோலும் 13 அசிஸ்டும் (மற்றவர் கோலுக்குக் கொடுத்த பாஸ்). உடை மாற்றும் அறையில் கர்ஜித்தார், வீரர்களுக்குள் தீயை மூட்டினார் என்கிற வகைக் கதைகள் எனக்கு ஏனோ ஒட்டுவதேயில்லை. ஒரு ஆளை இருபது மீட்டர் உள்ளே நகர்த்தி நிற்க வைப்பது எனக்கு அதைவிடப் பெரிய வீரச்செயலாகத் தெரிகிறது.

2023-24 சீசனின் முதல் ஆட்டத்திலேயே நியூகாசிலிடம் 5-1. மறுபடியும் வரிசையைத் தொடவில்லை. டிசம்பரில் மான்செஸ்டர் சிட்டியையும் ஆர்சனலையும் ஒரே வாரத்தில் தலா 1-0 என்று தோற்கடித்தார்கள். நான்காவது இடத்தில் முடித்து, 1982-83-க்குப் பிறகு முதல்முறையாக ஐரோப்பாவின் மிகப் பெரிய கிளப் போட்டிக்குப் போனார்கள். 2016-இல் பிரீமியர் லீகிலிருந்தே இறங்கி, மூன்று வருடம் கீழே கிடந்த கிளப் இது.

அப்படியானால் அதே எமரி ஆர்சனலில் ஏன் ஜெயிக்கவில்லை? ஆள் ஒருவரே, வீடியோவும் அதேதான். என் கணிப்பு, வில்லாவில் அவர் கையில் வீட்டுச் சாவியையே கொடுத்தார்கள். ஸ்பெயினின் செவியா கிளப்பில் அவரோடு வேலை பார்த்த விளையாட்டு இயக்குநர் மோன்சியை 2023-இல் நிர்வாகத்துக்குள் கொண்டுவந்தார்கள். வியாரியாலில் அவருடைய முறையை ஏற்கெனவே படித்துத் தேர்ந்த டிபெண்டர் பாவ் டோரஸை வாங்கிக் கொடுத்தார்கள். ஆர்சனலில் அவருக்கு அந்த இடமே இருந்ததில்லை. 2019 அக்டோபரில் கேப்டன் கிரானிட் ஷாக்காவை மாற்றி வெளியே அழைத்தபோது சொந்த ரசிகர்களே ஊளையிட்டார்கள். அவர் சட்டையைக் கழற்றிக்கொண்டு உள்ளே போய்விட்டார். எமரி அவரிடமிருந்து கேப்டன் பட்டத்தைப் பறிக்க வேண்டிவந்தது. அடுத்த மாதம் எமரிக்கும் வேலை போனது. இந்த ஷாக்காவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், இன்னும் இரண்டு இடத்தில் வருவார்.

பொறுமையாக இருந்தால் எல்லாம் கிடைக்கும் என்று சொல்லும் கூட்டம் ஒன்று உண்டு. அவர்கள் எப்போதும் இழுப்பது அலெக்ஸ் ஃபெர்குசனை. 1986 நவம்பரில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு வந்தார், முதல் ஆட்டத்தில் ஆக்ஸ்ஃபோர்டிடம் 2-0 தோல்வி. 1989 செப்டம்பரில் நகரத்துப் பகையாளி சிட்டியிடம் 5-1. அந்த சீசனில் 13-வது இடம். முதல் லீக் பட்டம் 1993-இல்தான். உண்மைதான். ஆனால் காத்திருந்து காத்திருந்து ஒன்றும் கிடைக்காமல் இறங்கிப்போன கிளப்புகளைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. நிர்வாகம் எதற்காகக் காத்திருக்கிறோம் என்று தெரிந்து காத்திருந்தால்தான் அதற்குப் பெயர் பொறுமை. யூர்கன் க்ளாப் 2015 அக்டோபரில் லிவர்பூலுக்கு வந்து அந்த சீசனை எட்டாவது இடத்தில் முடித்தார். இரண்டு கோப்பை இறுதிகளிலும் தோற்றார். அதில் ஒன்றில் எதிரில் நின்றது எமரியின் செவியா என்பது ஒரு வேடிக்கை. பேப்பரில் பார்த்தால் தோல்விக் கணக்கு. ஆனால் பந்தை இழந்ததும் அதைத் திரும்பப் பிடுங்க அந்த அணி ஓடிய விதம் முதல் மாதத்திலிருந்தே வேறாக இருந்தது.

இந்தப் பாடத்தை சண்டர்லாந்தும் படித்ததா என்றால், படித்தது என்றுதான் தோன்றுகிறது. 2024 கோடையில் அவர்கள் கொண்டுவந்த ரேஜி லெ ப்ரி, அப்போதுதான் பிரான்ஸில் லோரியான் அணியோடு முதல் டிவிஷனிலிருந்து இறங்கியிருந்தார். இறங்கிய அணியின் மேனேஜரை எந்த ரசிகர் கேட்டு வாங்குவார்? இரண்டாவது டிவிஷனில் நல்ல சீசன் ஆடி நான்காவது இடத்தில் நின்றார்கள். ஆனால் கடைசி ஐந்து லீக் ஆட்டங்களையும் வரிசையாகத் தோற்றுவிட்டு பிளே-ஆஃபுக்குள் (மேலே ஏறும் கடைசி அணியைத் தீர்மானிக்கும் ஆட்டங்கள்) போனார்கள். பழைய சண்டர்லாந்தாக இருந்தால் அந்த ஐந்தில் மூன்றாவது தோல்விக்குள் யாராவது சூட்கேஸைக் கட்டியிருப்பார்கள். அரையிறுதியில் கவன்ட்ரியைக் கூடுதல் நேரத்தின் கடைசி மூச்சில் டான் பாலார்டின் தலையடி தோற்கடித்தது. இறுதியில் ஷெஃபீல்டு யுனைடெட்டிடம் பின்தங்கியிருந்து, காயநேரத்தில் (90 நிமிடத்துக்கு மேல் சேர்க்கும் நேரம்) டாமி வாட்சன் அடித்த கோலில் 2-1 என்று ஜெயித்து 2025-இல் பிரீமியர் லீகுக்குத் திரும்பினார்கள். திரும்பியதும் கேப்டன் பட்டையைக் கட்டிவிட ஒரு ஆளை வாங்கினார்கள். கிரானிட் ஷாக்கா.

ஷாக்கா அங்கே வந்தது ஜெர்மனியின் பேயர் லெவர்குசனிலிருந்து. இந்த விஷயத்தில் நான் திரும்பத் திரும்பப் போய் நிற்கும் கிளப்பும் அதுதான்.

2022 அக்டோபர் 5 அன்று சாபி அலோன்சோ லெவர்குசனுக்கு வந்தார். எட்டு ஆட்டத்தில் ஐந்து புள்ளி, 18 அணிகளில் 17-வது இடம். வீரராக உலகக்கோப்பை வென்றவர், ஆனால் சிறுவர் அணிகளை விட்டுவிட்டால் மேனேஜராக அவருடைய அனுபவம் ரியால் சோசியேடாடின் இரண்டாம் அணி மட்டும்தான். முதல் ஆட்டத்தில் ஷால்கேயை 4-0 என்று அடித்தார்கள். தலைப்புச் செய்திகள் தயாராயின. அடுத்த ஆட்டம் போர்ட்டோவிடம் 3-0 தோல்வி. அதற்கடுத்து ஃப்ராங்க்ஃபர்ட்டிடம் 5-1 தோல்வி. அப்படியே கிட்டத்தட்ட ஒரு மாதம் வெற்றி என்பதே கிடையாது. இரண்டாவது சரிவு இவருக்கு இரண்டாவது ஆட்டத்திலேயே வந்துவிட்டது. மீண்டது நவம்பர் 6-ஆம் தேதி, யூனியன் பெர்லினை 5-0 என்று. எமரி வில்லாவில் முதல் ஆட்டம் ஆடிய அதே ஞாயிற்றுக்கிழமை.

இருவருக்கும் ஒரு அதிர்ஷ்டம் பொதுவாக அமைந்தது. அந்த ஆண்டு உலகக்கோப்பை கத்தாரில், நவம்பர்-டிசம்பரில். லீக் ஆட்டங்கள் வாரக்கணக்கில் நின்றன. சீசன் நடுவில் வேலைக்குச் சேரும் மேனேஜருக்குப் பொதுவாகப் பயிற்சி நேரமே கிடைக்காது. ஆட்டம், ஓய்வு, பயணம், மறுபடி ஆட்டம் என்று ஓடும். இவர்களுக்கு நடுச் சீசனில் ஒரு குட்டி ப்ரீ-சீசன், அதாவது ஆட்டமில்லாத பயிற்சிக் காலம், கிடைத்தது. லெவர்குசனுக்கு இன்னொன்றும் சேர்ந்தது: முழங்கால் காயத்தில் 2022 மார்ச்சிலிருந்து வெளியே இருந்த ஃப்ளோரியன் விர்ட்ஸ் ஜனவரியில் திரும்பினார். ஜெர்மனியின் மிகச் சிறந்த இளம் வீரர் ஒருவர் திரும்பி வருவதை எந்த மேனேஜரின் கணக்கில் எழுதுவது?

அந்த சீசனை ஆறாவது இடத்தில் முடித்தார்கள். அலோன்சோவின் உண்மையான கையெழுத்து 2023 கோடையில்தான் விழுந்தது. விளையாட்டு இயக்குநர் சிமோன் ரோல்ஃபெஸும் அவரும் சேர்ந்து வாங்கியவர்களைப் பாருங்கள். ஆர்சனலிலிருந்து முப்பதை எட்டிய ஷாக்கா. பென்ஃபிகாவிலிருந்து பைசா செலவில்லாமல் அலெஹாந்த்ரோ கிரிமால்டோ. முப்பதைத் தாண்டிய யோனாஸ் ஹாஃப்மன். பெல்ஜியத்திலிருந்து விக்டர் போனிஃபேஸ். நட்சத்திரமாக இருந்த மூசா டியாபியை எமரியின் வில்லாவுக்கு விற்றார்கள். வேகத்தை விற்று, பந்தை இழக்காத கால்களை வாங்கிய கோடை அது.

அப்புறம் நடந்தது எல்லோருக்கும் தெரியும். 34 லீக் ஆட்டத்தில் 28 வெற்றி, 6 டிரா, தோல்வி இல்லை. பேயர்ன் மியூனிக்கின் தொடர்ச்சியான 11 பட்டங்களுக்கு முற்றுப்புள்ளி. 2024 ஏப்ரல் 14 அன்று வெர்டர் ப்ரேமனை 5-0 என்று தோற்கடித்து, ஐந்து ஆட்டம் மிச்சமிருக்க, கிளப் வரலாற்றின் முதல் லீக் பட்டம். 2002-இல் லீக், கோப்பை, சாம்பியன்ஸ் லீக் மூன்றையும் கடைசி நேரத்தில் கோட்டைவிட்டு, ‘எப்போதும் இரண்டாமிடம்’ என்று பெயர் வாங்கிய கிளப்.

கடைசி நிமிடக் கோல்களைச் சொல்லாமல் போக முடியாது. கராபாகுடன் காயநேரத்தில் பாட்ரிக் ஷிக் இரண்டு கோல் அடித்து 3-2. டார்ட்மண்டிடம் 97-வது நிமிடத்தில் யோசிப் ஸ்டானிஷிச். ஸ்டுட்கார்ட்டிடம் 96-இல் ராபர்ட் ஆண்ட்ரிச். ரோமாவிடம் மறுபடி 97-இல் ஸ்டானிஷிச். முதல் ஒன்றிரண்டை அதிர்ஷ்டம் என்று தள்ளலாம். இவற்றைத் திரும்பப் போட்டுப் பாருங்கள்: பின்தங்கிய அணி கடைசி ஐந்து நிமிடத்தில் செய்யும் வேலையை லெவர்குசன் செய்யாது. உயரமான டிபெண்டரை முன்னே அனுப்பி நீளமாகத் தூக்கியடிப்பது கிடையாது. 20-வது நிமிடத்தில் எப்படிப் பந்தைக் கடத்தினார்களோ அப்படியே 94-வது நிமிடத்திலும் கடத்துவார்கள். ஷாக்கா பந்தை வாங்குவார், சுற்றிப் பார்ப்பார், பத்து மீட்டரில் இருக்கும் ஆளுக்கு, எந்தக் காலில் வேண்டுமோ அந்தக் காலுக்குக் கொடுப்பார். சொந்த ரசிகர்கள் ஊளையிட்டு வெளியே அனுப்பிய அதே ஷாக்கா. ஐரோப்பா லீக் இறுதியில் அட்டலாண்டா 3-0 என்று நொறுக்கிய ஒரே ஒரு இரவு தவிர, 2023-24-இல் இதற்கு யாரிடமும் மருந்து இருக்கவில்லை. மூன்று நாள் கழித்து ஜெர்மன் கோப்பையையும் வென்றார்கள். ஒரே கோலை அடித்தது ஷாக்கா.

2025 கோடையில் அலோன்சோ ரியால் மாட்ரிட்டுக்குப் போனார். அவரோடு அணியும் கலைந்தது. விர்ட்ஸும் ஜெரமி ஃப்ரிம்பொங்கும் லிவர்பூலுக்கு, யோனதன் டா பேயர்னுக்கு, கோல்கீப்பர் லுகாஸ் ஹ்ராடெக்கி மொனாக்கோவுக்கு, ஷாக்கா சண்டர்லாந்துக்கு. புது மேனேஜராக எரிக் டென் ஹாக் வந்தார். முதல் லீக் ஆட்டம் ஹாஃபன்ஹைமிடம் 2-1 தோல்வி. இரண்டாவதில் ப்ரேமனோடு 3-1 என்று முன்னிலையில் இருந்து, எதிரணி பத்துப் பேரோடு ஆடியும், 3-3. செப்டம்பர் 1-ஆம் தேதி டென் ஹாக்கை நீக்கினார்கள். இரண்டே இரண்டு லீக் ஆட்டம். அலோன்சோவை அந்த வெற்றியில்லாத ஒரு மாதத்தில் அசையாமல் வைத்திருந்த அதே நிர்வாகம்.

ஒரு வாரத்தில் டென்மார்க்கின் காஸ்பர் யூல்மான்ட் வந்தார். முதல் ஆட்டத்தில் ஃப்ராங்க்ஃபர்ட்டை 3-1 என்று தோற்கடித்தார்கள், இரண்டு பேர் சிவப்பு அட்டை வாங்கி ஒன்பது பேராகக் குறைந்த பிறகும். மறுநாள் செய்திகளில் புது மேனேஜர், புது உற்சாகம் என்றெல்லாம் இருந்தது. மூன்று கோல்களில் இரண்டு ஃப்ரீ கிக். இரண்டையும் வளைத்து உள்ளே போட்டவர் கிரிமால்டோ.